மஞ்சள் நாடா ஒட்டிய பிளக்

மேசைக்கடியில் முழு உடம்பும் போய்விட்டது. செருப்பு இரண்டும் மட்டும் வெளியே தெரிகின்றன. ஒரு வயரை விரலால் தடவிக்கொண்டே நகர்கிறவர், "நீ யாரு வீட்டுப் புள்ள?" என்று அதனிடமே கேட்கிறார். வயர் ஒரு கெட்டிலில் போய் முடிகிறது. "அடப்பாவி! நேத்துதானே உன்னை விரட்டுனேன்!" பிடுங்கிப் போடுகிறார். இந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை.

மருத்துவமனையின் கணினிக்காரர் இவர். நர்சுகள் வைத்த பெயர் 'கரண்டுக் கஞ்சர்'. கீழ்த்தளத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடம், மருந்துக் கடை, பதிவு மேசை மூன்றுக்கும் ஒரே யூ.பி.எஸ். மின்சாரம் போனால், ஜெனரேட்டர் எழும்வரை அதன் பேட்டரிதான் கதி. அதில் யாருக்கு இடம் என்பது இவர் கையில். சிவப்பு நாடா ஒட்டிய பிளக் என்ன ஆனாலும் அணையக்கூடாது. மஞ்சளை, முடை வந்தால் பிடுங்கலாம். நாடா இல்லாதது பேட்டரிப் பக்கம் தலைவைத்தே படுக்கக்கூடாது. பெரிய டாக்டரின் பிரிண்டரையே வெளியே தள்ளியவர். "அது ஒரு தாள் அடிக்கறதுக்குள்ள என் பேட்டரிய மொத்தமா குடிச்சிடும் சார்" என்றாராம், முகத்துக்கு நேராக.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. போன வருஷம் மின்சாரம் போனபோது பரிசோதனைக் கணினி ராஜா மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அதிலிருந்து ஆபரேஷன் அறைக்கு முடிவைக் கொண்டுபோகும் உள்ளங்கையளவு டப்பாவை பேட்டரியில் சேர்க்க மறந்திருந்தார். அது செத்துக் கிடந்தது. கூடத்து அம்மாள் முடிவைத் தாளில் எழுதிக்கொண்டு மூன்று மாடி ஏறி ஓடினார். நோயாளி பிழைத்துக்கொண்டார். இவருக்குத்தான் ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. அன்றிலிருந்து காலையில் வந்ததும் முதல் வேலை, அந்த டப்பாவைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பது, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

பதிவு மேசையில் இருப்பவர் இவர் மனைவி. ஆறு மாதம் நச்சரித்தார். "நாப்பது பேரு சேர்ந்தாதான் அந்தப் பாழாப்போன புரோகிராம் சேவ் பண்ணும். முப்பதாவது பேருல கரண்ட் போயிடுது. கட்டுன பொண்டாட்டிக்கு ஒரு பாயிண்ட் குடுக்க மனசு வரல!"

"உனக்குக் குடுத்தா ஊரே வந்து நிக்கும்."

கடைசியில் கொடுத்தார். மஞ்சள்தான். "பேட்டரில நாலு நிமிஷம் போச்சே, நாலு நிமிஷம் போச்சே" என்று புலம்பிக்கொண்டேதான் நாடாவை ஒட்டினார்.

அன்று பகல் பதினொரு மணிக்கு மின்சாரம் போனது. ஜெனரேட்டர் இரண்டு தரம் இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. மாடியில் ஆபரேஷன் மேசையில் ஒரு பெண். உடனே ரத்தம் வேண்டும். பொருத்தம் பார்த்து முடிக்க இன்னும் பதினெட்டு நிமிடம் என்கிறது கருவி. யூ.பி.எஸ். திரையோ பன்னிரண்டுதான் என்கிறது. கஞ்சர் மருந்துக் கடைக்கு ஓடி மஞ்சளைப் பிடுங்கினார். திரும்பி வந்து பார்த்தால் பதினைந்து. மீதி இருப்பது பதிவு மேசை. அங்கே போகக் கால் வரவில்லை. எத்தனை பேர் பெயரை அடித்து வைத்திருக்கிறாளோ, பாவி மகள்!

போய் மேசைக்கடியில் குனிந்தார். பிளக் ஏற்கெனவே தரையில் கிடந்தது. மேலே திரை இருட்டு. மனைவி வந்தவர்களின் பெயரைப் பேனாவால் தாளில் எழுதிக்கொண்டிருந்தார். தலை நிமிரவே இல்லை.

"இங்க என்ன வேடிக்கை? போயி உங்க டப்பாவைப் பாருங்க."

பொருத்தத்தின் முடிவு மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது பேட்டரியில் ஒரு நிமிடம் மீதி. "வந்துடுச்சு, ஒத்துப்போகுது" என்று மேலேயிருந்து போன் வந்ததும், டப்பாவின் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனந்தம்தான், வேறென்ன.

அரைமணி கழித்து விளக்கெல்லாம் எரிந்தது. கஞ்சர் பதிவு மேசைக்கு வந்தார். பிளக்கைச் செருகினார். நோயாளிகள் உட்காரும் ஸ்டூலை இழுத்துப் போட்டு மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார். கணினியில் அழிந்துபோன முப்பத்தேழு பேரின் சீட்டுகளையும் அள்ளி மடியில் வைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைச் சட்டையில் துடைத்து மாட்டி, முதல் பெயரை நிறுத்தி நிதானமாக வாசித்தார்.