இரண்டு தட்டு, ஒரு சரி

லைன்காரர் கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நிற்பார். எட்டிப் பார்க்க மாட்டார். உள்ளேயிருந்து "யாரு?" என்று குரல் வந்தால், "லைன்காரன். வரலாமா?" என்பார். "வாங்க" என்று சொன்ன பிறகும் உடனே நுழைந்துவிட மாட்டார். "சரி, வர்றேன்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் காலை எடுத்து வைப்பார். பதிலே வராவிட்டால் வந்த வழியே திரும்பிவிடுவார். தன் சொந்த வீட்டிலும் இதே கூத்துதான். கதவு அகலத் திறந்து கிடக்கும்; இவர் வெளியே நின்று தட்டிக்கொண்டிருப்பார்.

"உங்களுக்குச் சாவி கொடுத்ததே தண்டம்," என்பார் அவர் மனைவி. "வாங்க, வாங்க, வாங்க. மூணு தடவை சொல்லிட்டேன். நாளைக்கும் நாளன்னைக்கும் சேர்த்து வெச்சுக்குங்க."

நாற்பத்திரண்டு அறைகள் உள்ள முதியோர் இல்லம் ஒன்றில் தொலைபேசிகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. வயது ஐம்பத்தெட்டு. மாடிப்படிக்குக் கீழே, துடைப்பங்களுக்கும் மடக்கு நாற்காலிகளுக்கும் நடுவே ஒரு மேசை. அதன்மேல் கண்சிமிட்டும் பெட்டிகள். சட்டைப் பையில் ஒரு திருப்புளி, இன்னொரு பையில் காதுக் கருவிக்குப் போடும் பொத்தான் பேட்டரிகள். 'போன் கெட்டுப்போச்சு' என்று வரும் புகார்களில் பாதி, காதில் பேட்டரி தீர்ந்த கேஸ் என்பது அவருடைய அனுபவம். பேட்டரியை மாற்றிவிட்டு, போனையும் நாலு தட்டுத் தட்டி, "சரி பண்ணிட்டேன்" என்பார். காது கெட்டுப்போச்சு என்று யாரிடமும் சொன்னதில்லை.

தன் தொழிலைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் போதும், பிடித்துக்கொள்வார். போர்வை மடித்துக்கொண்டிருந்த பராமரிப்புப் பெண்கள் ஒரு தடவை தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டார்கள்.

"மணி அடிக்கிறது தூதும்மா. இன்னார் கூப்பிடறார், பேசறீங்களா, பேசினா எந்த வாசல்ல கொண்டுவந்து பேச்சை இறக்கணும்னு கேட்டுட்டு வரும். தூது முடிஞ்சப்புறம் பேச்சு வேற வழியில, அது பாட்டுக்குத் தனியாக் கிளம்பும். நொடிக்கு ஐம்பது துண்டாப் போகும். ஒவ்வொண்ணுக்கும் நம்பர் உண்டு, நேரம் உண்டு."

"வழியில ஒரு துண்டு தொலைஞ்சா?"

"தொலைஞ்சது தொலைஞ்சதுதான். திரும்பக் கேக்கவே கூடாது. கேட்டு வாங்கறதுக்குள்ள பேச்சு அடுத்த தெருவுக்குப் போயிடும்."

இந்த விதியை அவர் வீட்டுக்கும் கொண்டுபோனதுதான் வினை. மனைவி சொன்னதில் பாதி காதில் விழாவிட்டாலும் "என்ன சொன்னே?" என்று கேட்க மாட்டார். பொத்தாம்பொதுவாகத் தலையாட்டிவிடுவார். அப்படித் தலையாட்டியதில் குளியலறைக்குப் பச்சை வண்ணம் வந்தது. மச்சான் குடும்பத்தோடு வந்து பதினெட்டு நாள் தங்கினார். மனைவியின் விதி நேரெதிர்: ஒரு சொல் விட்டுப்போனாலும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். இந்த இரண்டு விதிகளும் ஒரே கூரையின் கீழ் முப்பது வருடமாக இருந்து வருகின்றன.

விடைபெறுவதிலும் கறார்தான். ஒருவர் "வெச்சிடறேன்" என்று சொல்ல வேண்டும், மற்றவர் "சரி" என்று சொல்ல வேண்டும். அது இல்லாமல் யாராவது வைத்துவிட்டால், அவர் கணக்கில் அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை. ஆறு மாதம் கழித்து அந்த மனிதரைத் தெருவில் பார்த்தாலும், விட்ட வாக்கியத்திலிருந்து தொடங்குவார்.

இப்படிப்பட்டவரிடம் ஒரு திங்கட்கிழமை காலை, ஒன்பதாம் அறை மாட்டியது.

ஞாயிற்றுக்கிழமை வந்த அழைப்புகளைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பதாம் அறையில் நாற்பது நிமிடப் பேச்சு. வெளியே போனது ஒரு லட்சத்து இருபதாயிரம் துண்டு. உள்ளே வந்தது பூஜ்யம். அதற்கு முந்தைய ஞாயிறும் அப்படியே. அதற்கு முந்தையதும் அப்படியே.

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனபோது மனைவியிடம் சொன்னார். "ஒருத்தர் நாற்பது நிமிஷம் பேசியிருக்காங்க. பதிலே வரலை."

"இதுல என்ன அதிசயம்? முப்பது வருஷமா நானும் அப்படித்தான் பேசிட்டிருக்கேன்."

காரணம் அவருக்கு உடனே புரிந்துவிட்டது. வாசல் பக்கம் புதுப் பெட்டி வைத்த வாரம், ஒவ்வோர் அறைப் போனுக்கும் தெரு விலாசத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் 'பேச்சை எங்கே இறக்க?' என்று வெளியூர்ப் போன் கேட்கும்போது, 'ஒன்பதாம் அறை' என்று மட்டும் சொல்லும். உலகத்தில் எந்த ஒன்பதாம் அறை என்று யாருக்குத் தெரியும்? நாற்பத்தொரு போனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். ஒன்பதாம் அறைக் கதவை இரண்டு தட்டுத் தட்டினார். உள்ளே இருந்தவர் காதுக் கருவியைக் கழற்றி இழுப்பறையில் போட்டிருந்தார். பதில் வரவில்லை. திரும்பி வந்தவர், அப்படியே மறந்தும் போனார்.

அந்த அறையில் இருப்பவர் தையலம்மா. எண்பத்தொரு வயது. ஐம்பது வருடம் தையல் மிஷின் மிதித்த கால் இரண்டும் வீங்கியிருக்கும். வாயில் மட்டும் எந்த வீக்கமும் கிடையாது. வெளிநாட்டில் இருக்கும் ஒரே மகன் ஞாயிறு பத்து மணிக்குக் கூப்பிடுவான். அம்மாவுக்கு மகன்மேல் புகார், மகனுக்குப் போனை வைக்கும் அவசரம். பத்து நிமிடத்தில் தகராறில் முடியும். அந்த மூன்று ஞாயிறுதான் நாற்பது நாற்பது நிமிடம்.

திங்கள் மாலை தட்டினார். "வாங்க" வந்தது. "சரி, வர்றேன்" சொன்னார். போனார்.

"தையலம்மா, உங்க போன்ல மகன் குரல் கேக்குதா?"

"ம்ஹூம். மூணு வாரமாச் செத்துக் கிடக்கு."

"சொல்லவே இல்லையே!"

"எதுக்குச் சொல்லணும்? மணி அடிக்குது, எடுக்கறேன், அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சரி, செத்த போன்தானேன்னு மனசுல இருக்கறதை எல்லாம் கொட்டினேன். குறுக்கே பேச ஆள் இல்லை தம்பி! என்னா சுகம் தெரியுமா?"

"நீங்க பேசினது ஒழுங்காப் போயிருக்கும்மா. ஒரு துண்டுகூடத் தொலையலை. அவர் பேசினதுதான் இங்க வரலை."

தையலம்மாவின் முகத்தில் இருந்த ரத்தம் எல்லாம் எங்கோ இறங்கியது. கால் வீக்கத்துக்குத்தான் போயிருக்க வேண்டும்.

"எல்லாமுமா போச்சு? கோட்டு விஷயமுமா?"

"எந்தக் கோட்டு?"

அது இருபத்திரண்டு வருடத்துக் கோட்டு. மகனின் கல்யாணத்துக்கு அவரே தைத்தது. கை இரண்டும் இரண்டு விரல் குட்டை. எல்லாப் படத்திலும் மாப்பிள்ளையின் மணிக்கட்டு துருத்திக்கொண்டு நிற்கும். துணி பற்றவில்லை என்று அன்றைக்குச் சொல்லிவிட்டார். மூன்றாவது ஞாயிறுதான் செத்த போனிடம் உண்மையைச் சொன்னார்: துணி தாராளமாக மிச்சம் இருந்தது, கல்யாணப் பெண்ணைப் பிடிக்கவில்லை, வேண்டுமென்றேதான் குட்டையாக வெட்டினேன்.

"அந்தப் பொண்ணுதான் இப்ப இந்தக் காது மிஷினை வாங்கி அனுப்பினா," என்று காதைத் தொட்டுக்கொண்டார். "இனிமே அவன் கூப்பிடுவானா தம்பி? அவன் என்ன பதில் சொன்னான்? அதை எடுத்துக் கொடு."

"வராதது எங்கேயும் இருக்காதும்மா. தொலைஞ்சது தொலைஞ்சதுதான்."

"அப்ப அடுத்த ஞாயித்துக்கிழமையும் போன் இப்படியே செத்துக் கிடக்கட்டும். உனக்குப் புண்ணியமாப் போகும்."

"அது என் தப்பு. சரி பண்ணியே ஆகணும். ஒரு பக்கம் மட்டும் பேசற போன், போனே இல்லை."

அங்கேயே உட்கார்ந்து சரிசெய்தார். இல்லத்தை நடத்தும் மேட்ரனிடமும் போய்த் தன் தவறைச் சொல்லிவிட்டு வந்தார். இரவு மனைவி கதை முழுவதையும் முதலிலிருந்து சொல்ல வைத்தார். "இப்ப அந்தம்மா வாயைத் திறந்து திரும்பக் கேட்டுத்தானே ஆகணும்? உங்களை மாதிரி தலையாட்டித் தீர்க்க முடியுமா?" லைன்காரர் தலையாட்டினார்.

ஞாயிறு பத்து மணிக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது தையலம்மா ஆள் அனுப்பினார். "சரி பண்ணினவனே வந்து எடுக்கட்டும்." பத்து மணிக்கு மணி அடித்தது. லைன்காரர் ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தினார்.

"அம்மா?"

தையலம்மா தலையணை உறையின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இப்பக் கேக்குதா? மேட்ரன் எழுதியிருந்தாங்க, சரி பண்ணியாச்சுன்னு."

"நல்லாக் கேக்குது," என்றார், கேட்கக் கூடாதது கேட்டதுபோல.

"நீ செத்த போன்னு சொன்னது முதல் வாரமே எனக்குக் கேட்டுச்சு. புகார் கொடுக்கலாம்னுதான் இருந்தேன். அப்புறம் கொடுக்கலை."

"ஏன்?"

"நீ அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லையேம்மா. சரி, அந்தக் கோட்டு—"

"கோட்டா? எந்தக் கோட்டு? துணி அன்னைக்கு நிஜமாவே பத்தலைடா. அகலம் கம்மி. கடைக்காரன் ஏமாத்திட்டான்..."

"அம்மா, போன வாரமே பதில் சொன்னேன். அது உனக்கு வந்து சேரலை. இப்பத் திரும்பச் சொல்றேன், கேளு."

"...அதுவும் நனைச்சுப் பிழிஞ்சா ரெண்டு விரல் சுருங்கற துணி, உனக்கு என்ன தெரியும்..."

"அம்மா! அங்க பக்கத்துல யாராவது இருக்கீங்களா?"

"லைன்காரன் இருக்கேன் சார்."

"மூணு வாரம் அவங்க பேசி நான் கேட்டேன். ஒரு அஞ்சு நிமிஷம் நான் பேசி அவங்க கேக்கணும். ஏதாவது பண்ண முடியுமா?"

லைன்காரர் கையை நீட்டி, தையலம்மாவின் குரல் வெளியே போகாதபடி அடைக்கும் பொத்தானை ஒரு விரலால் அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. துணியின் அகலத்தை விரலால் அளந்து காட்டிப் பேசிக்கொண்டிருந்த தையலம்மா, விளக்கைப் பார்த்ததும் விஷயம் புரிந்து பொத்தானை நோக்கிக் கையைக் கொண்டுபோனார். லைன்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உள்ளங்கையால் பொத்தானை மூடிக்கொண்டார்.