மாடு தின்ற எழுத்து

என் மகள் செல்போனில் விரலைத் தேய்த்து அ, ஆ பழகுகிறாள். சரியாகத் தேய்த்தால் அது கை தட்டுகிறது. நான் பழகியது பருத்திக்கொட்டையில். தப்பாக வைத்தால் மாட்டுக்குப் போகும். சரியாக வைத்தாலும் மாட்டுக்குத்தான்.

ஒண்ணாப்பு டீச்சர் தரையில் சாக்பீஸால் எழுத்தைப் பெரிதாக எழுதி, அதன்மேல் புளியங்கொட்டையை அடுக்கச் சொல்வார். கை போகிற வழி மனசில் நிற்கும் என்பார். எங்கள் வீட்டில் பால்மாட்டுக்கு ஊறப்போடும் பருத்திக்கொட்டை டின் நிறைய இருந்தது. சாயங்காலம் அதை அள்ளி வாசலில் அடுக்குவேன். எதிரே அத்தை வந்து உட்காரும்.

அத்தை, அப்பாவின் தங்கச்சி. பள்ளிக்கூடம் போனதில்லை. ஆடு மேய்த்தது, பருத்தி எடுத்தது. தை பிறந்ததும் பாலவனத்தத்துக்குக் கட்டிக்கொடுக்கப் பேசியிருந்தார்கள். நான் அ வைத்துக்கொண்டிருந்தால் அடுத்ததுக்குப் போ என்று அவசரப்படுத்தும். டீச்சர் சொல்கிற வரிசையில்தான் போகணும் என்பேன்.

ஒருநாள் கேட்டது, "நம்ம ஊருக்கு வார பஸ்ஸு நெத்தியில என்ன போட்டிருக்கும்?"

"திருச்சுழின்னு."

"அதை வையி."

எங்கள் ஊர் திருச்சுழி போகிற வழியில் இருக்கிறது. பாலவனத்தத்திலிருந்து வந்தால் அருப்புக்கோட்டையில் வண்டி மாறணும்; அந்த பஸ் ஸ்டாண்டில் வரிசையாக நிற்கிற வண்டிகளில் எது நம்ம வண்டி என்று அதற்குத் தெரியணுமாம். கண்டக்டரிடம் கேட்டால் போச்சு என்றேன்.

"கேட்டா, எந்த ஊரு, யாரு மக, ஏன் தனியா போறேன்னு கேப்பாக. அவுகளுக்கு எதுக்கு?"

அத்தை ஏன் தனியாக வரணும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. எழுத்துத்தான் பெரும்பாடாக இருந்தது. அந்த எழுத்தெல்லாம் எங்கள் பாடத்துக்கு இன்னும் வரவே இல்லை. டீச்சரிடம் கேட்டதற்கு, முதலில் அ ஒழுங்காக வரட்டும் என்று தலையில் ஒரு கொட்டு வைத்தார்.

அதனால் ரோட்டில் போய் நின்றேன். பஸ் நிற்கிற நேரத்துக்குள் போர்டைப் பார்த்து, குச்சியால் புழுதியில் ஒரு எழுத்து வரைவேன். பஸ் கிளம்பினால் எழுத்தும் புழுதியோடு போய்விடும். அதற்குள் மனசில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓடணும். கடைசி எழுத்துத்தான் படுத்தியது. வளைவு எந்தப் பக்கம் என்று பாதி வழியில் மறந்துவிடும்.

ஒரு வழியாக ஐந்தையும் வைத்துவிட்டோம். அத்தை அதன்மேல் விரலை ஓட்டிக்கொண்டே இருந்தது. தண்ணீர் குடிக்க உள்ளே போய் வருவதற்குள் மாடு கயிற்றை உருவிக்கொண்டு வந்து பாதி ஊரை நக்கிவிட்டது.

"படிச்ச மாடு, இனிப் பாலு கூடக் கறக்கும்" என்று அம்மா சிரித்தாள்.

அத்தை சிரிக்கவில்லை. மிச்சக் கொட்டையையும் கலைத்துவிட்டு, யாரையும் கேட்காமல், முதலிலிருந்து வைத்தது. கடைசி எழுத்தின் வளைவு சரியாக இருந்தது.

தையில் கல்யாணம் முடிந்தது. வைகாசியில் ஒரு மத்தியானம், வெயில் கொளுத்துகிறது, பஸ் நின்று அத்தை இறங்கியது. கையில் ஒயர் கூடை மட்டும்.

"மாப்பிள்ளை எங்கத்தா? யாரு கூட வந்தே?" என்றார் அப்பா.

"யாரும் வரலைண்ணே. போர்டைப் பாத்து ஏறுனேன்."

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நான் சொல்லிக்கொடுத்தது என்று தெருவெல்லாம் ஓடிச் சொன்னேன். திரும்பி வந்தபோது அம்மா துணியை வெந்நீரில் நனைத்து அத்தையின் கன்னத்தில் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் வீங்கியிருந்தது. அப்பா குனிந்த தலை நிமிராமல் கயிறு திரித்தார்.

பல்வலி என்று நினைத்தேன். டின்னைத் தூக்கிக்கொண்டு போய், அடுத்தது பாலவனத்தம் வைப்போம், திரும்பிப் போக வேணுமே என்றேன்.

"அது வேண்டாந்தா" என்றது அத்தை. கொட்டையை வாங்கி வாளியில் கொட்டித் தண்ணீர் ஊற்றியது.

அந்த ஊர்ப் பேரில் கஷ்டமான எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. ஏன் வேண்டாம் என்றது என்று எனக்கு விளங்கவில்லை.