பெட்டிக்கு வராத ‘டிபன் ரெடி’

மெல்பர்னில் என் வீட்டுக் கூடத்தில் ஆளுயர மரப்பெட்டி ஒன்று கிடக்கிறது. பக்கத்து வீட்டு மார்கரெட் அதைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, “யாரை இழந்தீர்கள்?” என்று கேட்டாள். “மகளைத்தான். சென்னையிலேயே இருந்துவிட்டாள்” என்றேன். மறுநாள் வாசலில் பூங்கொத்தும் ஒரு கேக்கும் இருந்தன. விளக்கிச் சொல்லியிருக்கலாம். கேக் நன்றாக இருந்தது, பேசாமல் இருந்துவிட்டேன்.

பெட்டி உண்மையில் ஒரு நியான் விளக்குக்காகச் செய்தது. மேற்கு மாம்பலத்தில், ரயிலைவிட்டு இறங்கி வருகிறவர்கள் கண்ணில் படும் சந்தில், எங்கள் குடும்பத்து ஓட்டல் இருந்தது. வாசலுக்கு மேலே சிவப்புக் கண்ணாடிக் குழாயை வளைத்து எழுதிய ‘டிபன் ரெடி’. முதல் ஈடு இட்லி இறங்கிய பிறகுதான் அப்பா அதைப் போடுவார். போட்டுவிட்டால் வந்தவரிடம் இல்லையென்று சொல்லக்கூடாது. மாவு தீரும்போதே விளக்கை அணைத்துவிடுவார். இங்கே மெல்பர்னில் கடை வாசலில் ‘ஓப்பன்’ எரியும். உள்ளே போனால் கிச்சன் மூடிவிட்டது என்று சிரித்த முகத்தோடு சொல்வார்கள். எனக்கு அது இன்னும் பழகவில்லை.

முழங்கால் வலியால் அண்ணன் ஓட்டலை மூடினார். போர்டைக் காயலான் கடைக்குப் போட மனமில்லாமல், “நீயே எடுத்துட்டுப் போ” என்றார். அவர் அனுப்பிய அளவுக்குப் பெட்டி செய்து, உள்ளே ஸ்பாஞ்சில் எழுத்துகளின் வடிவத்தில் பள்ளம் வெட்டி, படிப்பு முடித்து இண்டர்வியூவுக்குக் காத்திருந்த மகள் காவ்யாவோடு போய் இறங்கினேன்.

போர்டைக் கழற்றுமுன் எரிகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார் அண்ணன். “தொடாதே, ஷாக் அடிக்கும்!” என்று நான் கத்துவதற்குள் காவ்யா சுவிட்சைப் போட்டுவிட்டாள். குழாய் படபடவென்று துடித்து எரிந்தது. மாலை ரயில் வந்த நேரம். ஓர் ஆட்டோக்காரர் நேரே உள்ளே வந்து உட்கார்ந்தார்.

“இன்னா நைனா, தொறந்துட்டு ஒரு வார்த்த சொல்லல?”

“இல்லப்பா, சும்மா டெஸ்டிங்” என்றார் அண்ணன்.

“லைட்டு எரிஞ்சிக்கினு கீது, டிபன் இல்லன்றியே! உங்கப்பாரு இருந்தா இப்டி சொல்வாரா?”

அதற்குள் ஆபீஸ் பைகளோடு இன்னும் சிலர். “அணைச்சுடுடி” என்றேன். அண்ணன் முறைத்தார். “ஆள் வந்து உக்காந்தப்புறம் அணைக்கிறதா? அப்பா போட்டோ முன்னாடியா?”

மாடி வீட்டில் அண்ணி மறுநாளைக்கு ஆட்டி வைத்திருந்த மாவு கீழே வந்தது. விற்கக் கட்டி வைத்த தோசைக்கல் மறுபடி அடுப்பேறியது. காவ்யா தட்டு தூக்கினாள். மெல்பர்னில் தான் சாப்பிட்ட தட்டையே எடுக்காத பெண்! “பாப்பா, இங்க சட்னி!” என்று ஆளாளுக்குக் கூப்பிட, அவள் முகம் சிவந்திருந்தது. நியான் வெளிச்சம் என்று நினைத்தேன்.

மறுநாளும் விளக்கைப் போட்டாள். அதற்கடுத்த நாளும். ஊர் திரும்பும் நாள் நெருங்கியது.

“இண்டர்வியூ என்னடி ஆகுது?”

“லைட் எரியுதும்மா. வந்தவங்கள இல்லன்னு சொல்லக் கூடாதுன்னு நீதானே கதை கதையா சொன்னே?”

திரும்பி வந்தபோது, விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்த அதிகாரி உள்ளே ஒன்றுமில்லாததைக் கண்டு என்னை இன்னும் அதிகமாகச் சந்தேகப்பட்டார்.

தினமும் டிபன் நேரத்தில் காவ்யா வீடியோவில் போர்டைக் காட்டுகிறாள். இங்கே நான் படுக்கப் போகும் நேரம். கூடமெல்லாம் லேசாகச் சிவக்கிறது. “ரப்பர் செருப்பு போட்டுட்டுதானே சுவிட்சத் தொட்டே?” என்பேன். “ஆள் வந்துட்டாங்கம்மா, வைக்கிறேன்” என்பாள்.

அவள் விட்டுப்போன குளிர்காலக் கையுறைகளைப் பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறேன். ‘ரெடி’யின் பள்ளத்தில் அவை கச்சிதமாகப் பொருந்துகின்றன.