மூன்றாம் மாடியின் தலையணைகள்

அந்த ஹோட்டலில் அவளுக்கு ‘வக்கீல்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். கறுப்பு அங்கி ஒன்றுதான் குறை. அவளுக்குக் கட்சிக்காரியும் ஒருத்திதான். மூன்றாம் மாடி அறைகளைச் சுத்தம் செய்கிற தோழி.

வக்கீலுக்கு இரண்டாம் மாடி. தோழிக்கு வலிப்பு உண்டு. மாத்திரை மாற்றியதிலிருந்து அது வேலை நேரத்திலும் வர ஆரம்பித்திருந்தது. வந்து போனபின் துணி அறையில் ஒருக்களித்துப் படுத்து ஒரு தூக்கம் போட்டால்தான் ஆள் தெளிவாள். விஷயம் தெரிந்தால் வேலை போய்விடும். சமையலறையில் ஒருவரை அப்படித்தான் அனுப்பினார்கள். தோழி வீட்டில் சம்பாதிப்பது அவள் மட்டுமே.

தோழி தூங்கும்போது வக்கீல் மேலே ஓடி அவளுடைய அறைகளையும் முடித்துவிடுவாள். யாராவது கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

“சோப்பு எடுக்கப் போயிருக்கா.”

“பக்கெட் உடைஞ்சு போச்சு, ஸ்டோருக்கு அனுப்பியிருக்கேன்.”

“வயிறு சரியில்லாம பாத்ரூம்ல இருக்கா, கூப்பிடட்டுமா?” இது ஆண்களுக்கு மட்டும். அதற்குமேல் ஒருவரும் கேட்டதில்லை.

அன்று மேற்பார்வை அக்கா வக்கீலை மூன்றாம் மாடி அறை ஒன்றில் பிடித்துவிட்டாள்.

“உனக்கு இங்க என்ன வேலை?”

“டவல் குறைஞ்சுதுன்னு கொண்டாந்தேன்க்கா.”

“டவல் இருக்கட்டும். தலகாணி உறையோட திறந்த பக்கம் ஜன்னலைப் பாத்து இருக்கணும். வாசலைப் பாத்து வெக்கிறவ இங்க நீ ஒருத்திதான். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சுப் போச்சு. இப்ப இந்த மாடி முழுக்க அப்படியே இருக்கே, எப்படி?”

ஒவ்வொரு பொய்யையும் யோசித்துச் சொன்ன வக்கீல், தன் கைப்பழக்கத்தை யோசிக்கவில்லை.

“நான்தான்க்கா அவளுக்கு அப்படிப் பழக்கிவிட்டேன்.”

“சரி, அவளை வரச் சொல்லு. என் கண்ணு முன்னாடி ஒரு கட்டில் விரிக்கட்டும்.”

தோழி அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தாள். எழுப்பினால் கட்டில் எது, கதவு எது என்று தெரியாமல் நிற்பாள். வக்கீலிடம் இன்னொரு சாக்கு இருந்தது. அதை விழுங்கிவிட்டு அறைக் கதவைச் சாத்தினாள்.

“அவளுக்கு வலிப்புக்கா. இப்ப வந்துட்டுப் போயிருக்கு. தூங்குறா. எழுப்ப மாட்டேன்.”

அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். “அவ மேல தனியா, நீ கீழே. மாடிப்படியில உருண்டிருந்தா உன் சாக்கு வந்து பிடிச்சிருக்குமாடி?”

வக்கீல் நிதானமாகப் பேசினாள்.

“எங்களை ஜோடியாப் போடுங்க. ரெண்டு மாடியையும் சேந்தே செய்யறோம். அவ என் பக்கத்துலயே இருப்பா. ஒரு ரூம் பாக்கி நின்னாலும் என்னை அனுப்பிடுங்க.”

“நான் போட்டுடுவேன். மேனேஜர் ஒத்துக்கணுமே.”

“கேப்போம். முதல்ல அவ எழுந்திருக்கட்டும். அவளைக் கேக்காம உங்ககிட்ட சொன்னதே தப்பு.”

தோழி எழுந்ததும் வக்கீல் விஷயத்தைச் சொன்னாள். தோழி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“இத்தனை நாள் மறைச்சவளுக்கு இன்னிக்கு மட்டும் என்ன அவசரம்?”

“நீ படியில விழறதைப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல.”

தோழி முகம் கழுவி, கலைந்த தலையை வாரிக் கட்டினாள். “மேனேஜர்கிட்ட நானே பேசறேன். நீ வாயைத் திறக்கக் கூடாது.”

“சரி.”

“நடுவுல ஒண்ணும் எடுத்துக் குடுக்கவும் கூடாது.”

“அதான் சரின்னுட்டேனே.”

மூவரும் கீழே இறங்கினார்கள். அக்கா முன்னால் போனாள். மேனேஜர் அறைக் கதவைத் தோழிதான் தட்டினாள்.