வங்கியில் வேலை

பலேர்மோவின் கால்சாப் பகுதியில், பழைய மாளிகைகளின் தரையைத் துடைத்தே பவளராணியின் பாதி ஆயுள் போயிற்று. இத்தாலியில் இருந்தால் பிள்ளைக்கும் துடைப்பந்தான், இங்கிலாந்தில் படித்தவன் மேலே வந்துவிடுவான் என்று எல்லாரும் சொன்னார்கள். மகன் ஜெயரூபன் அங்கே போய்ப் பட்டமும் வாங்கினான். கம்பெனிக்காரர்களோ அவன் எந்தப் பள்ளிக்கூடம், பேச்சு எப்படி என்றுதான் பார்த்தார்கள். ஒருவழியாக வங்கியில் வேலை என்றான். அதை ஊரெல்லாம் சொல்லி அவள் வாய் ஓயவில்லை.

இன்று வீடியோவில் கதைக்கும்போது அவன் தலையைக் கோதினான். விரல்களில் தோல் உரிந்து வெடித்திருந்தது.

“என்னப்பு கை?”

“இஞ்சை சரியான குளிரம்மா.”

குளிரில் வெடித்த கை எது, தரை துடைக்கும் பிளீச்சில் வெந்த கை எது என்று அவளுக்கா தெரியாது?

“ஓம், குளிர்தான். வாளிக்குள்ளை கை வைக்கேக்கை கிளவுஸ் போடு ராசா” என்றாள்.