தங்கராஜுவின் சாவும் சிம்பாங் ரெங்கம் படப்பிடிப்பும்

சிம்பாங் ரெங்கத்தில் யார் வீட்டில் கல்யாணமானாலும் சாவானாலும் முதலில் வந்து இறங்குகிறவர் கூடாரம் தங்கராஜுதான். கூடாரம், நாற்காலி, மேசை, விளக்கு, காற்றாடி எல்லாம் அவருடைய லோரியில் வரும். கல்யாணத்துக்குச் சிவப்புத் துணி, சாவுக்கு வெள்ளைத் துணி. கம்பிகள் மட்டும் இரண்டுக்கும் ஒன்றேதான். அதை அவர் யாரிடமும் சொல்வதில்லை.

அந்தத் தொழிலோடு நின்றிருந்தால் மனிதர் நிம்மதியாக இருந்திருப்பார். ஒரு தடவை ஜொகூர் பாருவில் நடந்த படப்பிடிப்புக்குக் கூடாரம் போடப் போனார். கதாநாயகன் இவருடைய பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார். அதைக் கண்ணால் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவருக்கு வேறு எண்ணமே இல்லை. சினிமா நம் ஊருக்கு வர வேண்டும். எண்ணெய்ச் செம்பனைத் தோப்பு இருக்கிறது, பழைய கடை வரிசை இருக்கிறது, நெடுஞ்சாலையிலிருந்து இறங்கினால் ஊர். வேறென்ன வேண்டும்?

'சிம்பாங் ரெங்கம் படப்பிடிப்பு வரவேற்புக் குழு' என்று ஒன்றைத் தொடங்கினார். தலைவர் அவர், செயலாளர் அவர், கூட்டத்துக்கு வருகிறவரும் அவரே. கூட்டம் ருக்னுதீன் பாயின் உணவுக்கடையில், ஓரத்து மேசையில், நுரை பொங்க ஆற்றிய ஒரு தே தாரிக் தேநீரோடு நடக்கும். அடுத்த மாதம் படம் வருகிறது என்று அவர் அறிவிப்பார். பாய் கல்லாவில் இருந்தபடியே, வரட்டும், ரொட்டி சானாய்க்கு மாவு கூடப் பிசைந்து வைக்கிறேன் என்பார். மாதங்கள் போயின, வருடங்களும் போயின. ஒரு குழு உண்மையிலேயே கோலாலம்பூரிலிருந்து வந்தது, மழையைப் பார்த்தது, பக்கத்து ஊரான ஆயர் ஈத்தாமுக்குப் போய்ப் பானைக் கடைகளுக்கு நடுவில் பாட்டு எடுத்துவிட்டுத் திரும்பியது. ஆயர் ஈத்தாமில் இருக்கும் தங்கராஜுவின் அக்கா வெள்ளையம்மா, அந்தப் பாட்டில் தன் முதுகு தெரிகிறது என்று சொந்தக்காரர் வீட்டுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னார். தம்பிக்கு மட்டும் இரண்டு தடவை.

அப்படி இருக்கும்போதுதான் ஷர்மினி வந்தாள். முப்பது வயது இயக்குநர், தலையில் தொப்பி, பேச்சில் பாதி ஆங்கிலம். ஊரைச் சுற்றிப் பார்த்தாள், பிடித்திருந்தது. ஒரு குடும்பக் கதை. முதலில் எடுக்க வேண்டியது பெரியவர் ஒருவரின் சாவு வீடு. அது சரியாக அமைந்தால் மீதிப் படம் முழுவதும் இங்கேயே. அமையாவிட்டால் மறுநாள் ஆயர் ஈத்தாம்.

தங்கராஜு வீடு வீடாகப் போனார். சினிமாவுக்கு வீடு வேண்டும் என்றபோது கதவைத் திறந்து உட்கார வைத்தார்கள். சாவுக் காட்சி என்றதும் காப்பியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். உயிரோடு இருக்கிறவன் வீட்டு வாசலில் எவன் சாவுக் கூடாரம் போடுவான்? தோட்டத்தில் ஆட்களை மேய்த்து ஓய்வுபெற்ற மண்டோர் சின்னத்தம்பி காப்பிகூடக் கொடுக்கவில்லை. எழுபத்தெட்டு வயது அவருக்கு. என் வாசலில் வெள்ளைத் துணி கட்டப் பார்க்கிறாயா என்று கேட்டு நாயை அவிழ்த்துவிட்டார்.

வேறு வழியில்லாமல் தங்கராஜு தன் வீட்டையே கொடுத்தார். மனைவி வாசுகி அலமாரியைத் திறந்தார். ஒரு பையில் துணியை எடுத்து வைத்தார்.

"உங்க சாவை நீங்களே இருந்து பாத்துக்குங்க. நான் குளுவாங்ல தங்கச்சி வீட்டுக்குப் போறேன். முடிஞ்சதும் வீட்டைக் கழுவி விட்டுட்டுக் கூப்பிடுங்க."

அதோடு போனையும் அணைத்துவிட்டார். அவர் அதைச் செய்யாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது.

காலையில் கூடாரம் எழுந்தது. தங்கராஜு இவ்வளவு நேர்த்தியாக யாருக்கும் கட்டியதில்லை. நடுக் கூடத்தில் மூடிய சவப்பெட்டி, உள்ளே நான்கு அரிசி மூட்டை. இறந்த பெரியவரின் படம் என்று கலைக்குழு கொண்டுவந்ததை ஷர்மினி பார்த்தாள், முகம் பொருந்தவில்லை என்றாள். சுவரில் மாட்டியிருந்த தங்கராஜுவின் படத்தைக் காட்டி, இந்த முகத்தில் ஒரு ஏமாற்றம் இருக்கிறது, இதுதான் வேண்டும் என்றாள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு அவரே ஆணியில் இருந்து கழற்றிக் கொடுத்தார். மாலை போட்டு, பொட்டு வைத்து, வாசலில் நிறுத்தினார்கள்.

எல்லாம் இருந்தது; ஆள்தான் இல்லை. துக்கம் விசாரிக்கிற கூட்டமாக நடிக்க ஊரையே அழைத்திருந்தார் தங்கராஜு. நல்ல நாளில் யாராவது பொய் அழுகை அழ வருவார்களா? ஒருவரும் வரவில்லை. காலி நாற்காலிகள் வெயிலில் காய்ந்தன. மத்தியானம் வரை பார்ப்பதாகச் சொல்லிவிட்டு ஷர்மினி தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டாள். ஒளிப்பதிவாளர் கைப்பேசியில் ஆயர் ஈத்தாமுக்கு வழி பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வழியாகப் பழ லோரி ஓட்டி வந்த ஒருவர் வாசலில் இருந்த படத்தைப் பார்த்தார். வண்டியை நிறுத்தாமலே தலைப்பாகையை எடுத்துக் கும்பிட்டார். அடுத்த சந்திப்பில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது ஊர் வாட்ஸ்அப் குழுவில் நாலு வார்த்தை போட்டார்.

பிறகு பாருங்கள். நாற்காலி போதவில்லை. செம்பனை ஆலையில் வேலை நிறுத்தம் என்று சொல்லும்படி ஆட்கள் கிளம்பி வந்தார்கள். சிங்கப்பூரில் வேலைக்குப் போனவர்கள் பாலத்தைத் தாண்டாமல் கெலாங் பாத்தாவிலேயே மோட்டார் சைக்கிளைத் திருப்பினார்களாம். உறுமி மேளக்காரர்கள் யாரும் கூப்பிடாமல் வந்து வாசித்தார்கள். கேமரா மூன்று நின்றதைப் பார்த்து ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. வெளிநாட்டுச் சொந்தங்களுக்காக இப்போது எல்லாச் சாவு வீட்டிலும் கேமரா உண்டு. தங்கராஜு வீட்டில் மூன்று இருப்பதுதான் நியாயம் என்று பேசிக்கொண்டார்கள். பெட்டி மூடியிருந்ததால் நெடுஞ்சாலை விபத்து என்று ஒரு தரப்பு முடிவு செய்தது. போனில் கிடைக்காத வாசுகி மயங்கி விழுந்து மருத்துவமனையில் கிடக்கிறார் என்றது இன்னொரு தரப்பு. ஊருக்குப் படம் வந்திருக்கிறது என்று நம்புவதைவிட, தங்கராஜு செத்துவிட்டார் என்று நம்புவது எல்லாருக்கும் சுலபமாக இருந்தது.

சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்ற தங்கராஜு இதையெல்லாம் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் கூட்டத்தைப் பார்த்துப் பூரித்துப்போனார். என்னமாய் நடிக்கிறார்கள் என் ஊர்க்காரர்கள்! ருக்னுதீன் பாய் பெரிய தேநீர்ப் பானையோடு வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டபோதுதான் அவருக்கு உறைத்தது. பாய்க்கு நடிக்கத் தெரியாது. தே தாரிக்கில் சீனி கூடிவிட்டால்கூட அவரால் மறைக்க முடியாது.

வெளியே போகக் காலெடுத்தவரின் சட்டையை ஷர்மினி பின்னாலிருந்து பிடித்தாள்.

"அங்கிள், ப்ளீஸ் லா. இப்படி அழுகையை நான் எங்க போய்த் தேடுவேன்? இன்னும் கொஞ்ச நேரம் செத்தே இருங்க. மொத்தப் படமும் இங்கதான், ப்ரோமிஸ்."

வருடக்கணக்காகக் கேட்க ஏங்கிய வார்த்தை. தங்கராஜு செத்தே இருந்தார்.

அப்போது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. வெள்ளையம்மா இறங்கினார். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது, காலில் ஒற்றைச் செருப்பு. பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார். அந்த அழுகையைக் கேட்டு ஒலிப்பதிவுக்காரர் காதுக்கருவியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சின்ன வயதில் தம்பியை இடுப்பில் சுமந்துகொண்டு ரப்பர் மரத்துப் பால் வெட்டுக்குப் போனதைச் சொல்லி அழுதார். தம்பி பிடித்துக் கொடுத்த மீனைச் சொல்லி அழுதார். கடைசியாக, பெட்டி மேல் கன்னத்தை வைத்துக்கொண்டார். குரல் இறங்கிவிட்டது.

"சினிமா கொண்டாறேன் கொண்டாறேன்னியே சாமி. அக்கா உன்னைச் சிரிச்சேனே. அந்தப் பாட்டுல இருக்கிறது என் முதுகு இல்லடா. பானைக் கடைக்காரி முதுகுடா அது."

ஷர்மினியின் கை இன்னும் சட்டையைப் பிடித்திருந்தது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அவர் அசையாமல் நின்றால் படம் இந்த ஊருக்கு. தங்கராஜு சட்டைப் பொத்தான் தெறிக்க வெளியே வந்தார்.

"அக்கா, அழுவாத. நான் சாவல."

கூட்டத்தில் பாதி தெருவுக்கு ஓடியது. உறுமிக்காரர் உறுமியை விட்டுவிட்டு ஓடினார். பாய் மட்டும் இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளையம்மா தம்பியை மேலும் கீழும் பார்த்தார், தொட்டுப் பார்த்தார், கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தார். பிறகு காலில் இருந்த ஒற்றைச் செருப்பைக் கழற்றினார். அடி விழ விழ, செத்த சேதி வந்து பிழைத்தவனுக்கு ஆயுசு கெட்டி, நீ நூறு வயசு இருப்பே, இருந்து என்னை இப்படியே சாகடிப்பே என்று வாழ்த்தும் திட்டும் கலந்து ஊருக்கே கேட்கும்படி சொன்னார்.

ஷர்மினி தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டாள். காட்சி பாதியில் நின்றுவிட்டது, கூட்டம் கலைந்துவிட்டது, நாளைக்கு ஆயர் ஈத்தாம் என்று மட்டும் சொல்லிவிட்டு விடுதிக்குப் போனாள். தங்கராஜு தனியாகக் கூடாரத்தைப் பிரித்தார். தோள்பட்டை வலித்தது. அவள் சொன்ன வாக்கும் போச்சு, சுவரில் மாட்டப் படமும் இல்லை. மாலை போட்ட படத்தை மறுபடி மாட்ட வாசுகி விடமாட்டார்.

விடிந்து அவர் பசியாறுவதற்குள் வாசலில் யாரோ இருமினார்கள். பார்த்தால் மண்டோர் சின்னத்தம்பி. நாய் இல்லை. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"உக்காருங்கய்யா. என்ன இந்த நேரத்துல?"

"ஒண்ணுமில்லப்பா. அந்தப் பொண்ணுக்கு வீடு வேணும்னியாமே. நம்ம வீட்டு ஹாலு பெருசு. என் படத்தையும் எடுத்துத் தொடைச்சு வெச்சிட்டேன். மாலை நல்லாப் பெருசா போடச் சொல்லு."

அவருக்குப் பின்னால் தெருவில் இன்னும் ஐந்து பெரியவர்கள், தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவர்கள் போல நின்றார்கள். எல்லார் கக்கத்திலும் காகிதத்தில் சுற்றிய சட்டம் போட்ட படம் ஒன்று இருந்தது. ஆயுசு கெட்டி என்று வெள்ளையம்மா போட்ட சத்தம் வீணாகப் போகவில்லை. ஒரு வீடு கிடைக்காத ஊரில், இப்போது சாவதற்கு வரிசை நின்றது.

தங்கராஜு அவர்கள் எல்லாரையும் லோரியில் ஏற்றிக்கொண்டு விடுதிக்குப் போனார். ஷர்மினி தன் துணிப்பெட்டியைக் காரில் வைத்துக்கொண்டிருந்தாள். வீடும் இலவசம், அழுகிற சனமும் இலவசம் என்றதும் பெட்டியைத் திரும்ப இறக்கினாள். ஆனால் அவள் கதையில் ஒரு சாவுதான் இருந்தது. யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று பெரியவர்களுக்குள் சண்டை வந்துவிட்டது. கடைசியில் கதாசிரியரை வரவழைத்துக் கதையை மாற்றினார்கள்.

சிரிக்கச் சிரிக்கப் போக வேண்டிய குடும்பப் படம் அது. சிம்பாங் ரெங்கத்தில் படப்பிடிப்பு முடிந்தபோது அந்தக் குடும்பத்தில் ஆறு பேர் செத்திருந்தார்கள்.