செவத்தப் பாத்து மாத்துன வீடியோ

ஒரு போன்ல ஓடுற வீடியோவ இன்னொண்ணுல ஓடுற மாதிரி மாத்திக் குடுக்குற எங்க தொழில்ல வர்றவுக எல்லாருக்கும் ஒரே வசனந்தான்: "எங்க வீட்ல ஓடுச்சே!" பென்டிரைவச் சொருகிட்டு டிவிய மொறைச்சுக்கிட்டு உக்காந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும்ல? அப்ப நீங்களும் நம்ம கூட்டந்தான், கேளுங்க.

பேர மாத்துன மாப்ள

நம்ம கடை கோரிப்பாளையத்துல. ஒருநா மதியம் மும்தாஜ் அக்கா, அது தம்பி ரபீக்கோட மூச்சு வாங்க வந்துச்சு. அக்கா வீட்டுக்காரரு சவுதியில, நெட்டே இல்லாத பாலைவனத்துல ஆட்டுப் பண்ணை வேலை. லீவு கெடைக்காம மக நிக்காஹ்வுக்கே வரல. அவரு கையில இருக்கது பட்டன் போன். அன்னைக்குச் சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரரு சவுதி போறாரு, அவருகிட்ட நிக்காஹ் வீடியோவ அந்த போன்ல ஓடுற மாதிரி மெமரி கார்டுல போட்டுக் குடுத்துவிடணும். இத விட்டா அடுத்து யாரு எப்பப் போவாகளோ.

"நானே மாத்திட்டேண்ணே, ஆனா ஓட மாட்டேங்குது"ன்னு ரபீக் கார்ட நீட்டுனாரு. பாத்தா, உள்ள இருக்க வீடியோவ மாத்தாம, பைலோட பேர மட்டும் மாத்தி வச்சிருக்காரு! "மாப்ள, சட்டையில டாக்டர்னு எழுதிக்கிட்டா ஊசி போட வந்துருமா?"ன்னேன். மனுசன் அசரணுமே. "போனுக்கு அம்புட்டு வெவரம் தெரியுமாண்ணே?"

டீ மாஸ்டர் போனு

மாத்துனா மட்டும் பத்தாது, அதே மாதிரி போன்ல ஓட்டிப் பாக்கணும். எதுத்த கடை டீ மாஸ்டர்கிட்ட அதே மாடல் இருந்துச்சு. கெஞ்சி வாங்கி, ஆம்பளைக பக்கம் எடுத்த வீடியோவப் போட்டேன். நிக்காஹ் ஓதுற ஹஜ்ரத் குரல் கணீர்னு வருது, படம் கும்மிருட்டு. மறுபடி மாத்துனேன். படம் வந்துச்சு, குரலக் காணோம். விடுவனா? திரும்ப மாத்தி ரெண்டையும் வர வச்சேன். மாஸ்டர் எட்டிப் பாத்துட்டு, டீ ஆத்துற கை நிக்காமச் சொன்னாரு: "இம்புட்டும் செய்யுமா இது? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே!"

ஏத்து, எறக்கு

இனிமேதான் கூத்து. பொண்ணு இருக்கது பொம்பளைக பக்கம் எடுத்த வீடியோவுல. அத வெளி ஆம்பள பாக்கக் கூடாது, அது அவுக வீட்டு வழக்கம். "பாக்காம மாத்து தம்பி"ன்னுருச்சு அக்கா. சரின்னு மானிட்டர அக்கா பக்கம் திருப்பிட்டு, கீபோர்ட மடியில வச்சு, செவத்தப் பாத்து உக்காந்தேன்.

போன நிமித்திப் பிடிச்சு எடுத்த வீடியோ. அந்தக் குட்டித் திரையில முழுசா வச்சா ஆளு எறும்பு கணக்காத் தெரியும். ஒரு பகுதிய மட்டும் வெட்டிப் பெருசாக்கணும். வெட்டுற கட்டம் எங்க நிக்கணும்னு அக்கா சொல்லச் சொல்ல நான் பட்டன அமுக்குறேன். "எறக்கு... இன்னும் எறக்கு... ஆங், நிறுத்து!" லாரிக்கு ரிவர்ஸ் சொல்ற கிளீனர் தோத்தான்.

முடிச்சு, மாஸ்டர் போன்ல போட்டுக் குடுத்தேன். அக்கா உத்துப் பாத்துச்சு. அப்புறம் மெல்லச் சொல்லுச்சு: "ஆரம், ஒட்டியாணம் எல்லாம் வந்துருச்சு தம்பி. புள்ள மொகந்தான் வரல."

வெளிய பைக் உறுமுது

"அவரு வெயில்ல காஞ்சு வாங்குன நகைப்பா, அவரு பாக்க வேணாமா?"ன்னு அக்கா கண்ணத் தொடைக்குது. அந்தத் திரையில ரெண்டும் அடங்காது. வாசல்ல ரபீக் பைக்க முறுக்கிக்கிட்டு நிக்கிறாரு. "வாங்குன நகைய அவரு மறக்க மாட்டாருக்கா. மக சிரிச்சத எங்க போயிப் பாப்பாரு? ஏத்தச் சொல்லுங்க"ன்னேன். அக்கா மானிட்டர் பக்கம் திரும்பி, "ஏத்து"ன்னுச்சு. மறுபடியும் நான், செவரு, கீபோர்டு. கார்டு கைக்கு வந்ததும் ரபீக் பறந்தாரு.

கொஞ்ச நா கழிச்சு ஒரு போன். அக்கா வீட்டுக்காரருதான், சவுதியில இருந்து. "தம்பி, மக சிரிக்கிறது தெளிவாத் தெரியுதுப்பா. நகைதான் ஒண்ணுகூடத் தெரியல. அத எங்க வீட்ல சொல்லிராத, எல்லாத்தையும் பாத்துட்டேன்னு சொல்லி வச்சிருக்கேன்."

இம்புட்டு வருசத்துல நான் உருப்படியா மாத்துன வீடியோ அதுதான், என்ன ஒண்ணு, அது எப்படி இருக்கும்னு எனக்கு மட்டுந்தான் தெரியாது.